வெந்நி என்றால் எத்தனை டிகிரி?

"மேடம், அந்த ஸ்கூட்டரைக் கொஞ்சம் ஓரமா எடுங்க. மத்தியானம் ஹீட்டர் லாரி வருது. நிக்க இடம் வேணும்" என்றார் செம்பூர் பங்களாவின் வாட்ச்மேன்.

கோகிலவாணி ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள். "என்ன ஹீட்டர்?"

"உங்களுக்குத் தெரியாதா? பின்னாடி தொட்டித் தண்ணியைச் சூடு பண்றதுக்கு. செல்வம் சாருக்காக."

உங்களுக்குத் தெரியாதா என்ற அந்த ஒரு கேள்வி போதும். ஹீட்டர் இன்னும் வந்து சேரவில்லை, அதற்குள் கோகிலாவுக்குச் சூடு ஏறிவிட்டது.

ஏறாதா பின்னே? பதினெட்டு வருஷமாக ஏ.சி.யும் ஃப்ரிட்ஜும் பிரித்து மாட்டுகிற கை அவளுடையது. தாராவி தொண்ணூறடி ரோட்டில் 'கோகிலா கூலிங் ஒர்க்ஸ்' என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். விக்ரோலியில் ஒரு ஃபாக்டரியின் குளிர் அறை நின்றுபோனால் அங்குள்ள சீஃப் இன்ஜினியர் முதலில் கூப்பிடுவது இவளைத்தான். கடையில் ஸ்பேனரும் கேஜும் இவள் பொறுப்பு. பில்லும் பேப்பரும் கணவர் ரமேஷ்குமார் பொறுப்பு. இப்படி ஒருத்தி கூடப்பிறந்தவளாக இருக்க, அண்ணன் வீட்டு ஹீட்டர் விஷயம் வாட்ச்மேன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

இத்தனைக்கும் இன்று காலை அவளைக் கூப்பிட்டதே இந்த வீட்டிலிருந்துதான். எதற்கு? ஃப்ரிட்ஜில் தண்ணீர் சொட்டுகிறதாம்.

ஐரோலியில் கட்டட சைட்டில் சாரத்திலிருந்து தம்பி செல்வம் விழுந்து எட்டு மாதம் ஆகிறது. அந்தச் சாரமும் அந்த வேலையும் அண்ணன் சுரேந்திரனுடையவை. முதுகெலும்பில் அடிபட்டு, ஆபரேஷன் ஆகி, சக்கர நாற்காலிக்கு வந்து, இப்போதுதான் செல்வம் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். வலது காலில் மட்டும் இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. "இனி தண்ணீருக்குள் நடக்கப் பழக்கலாம், திங்கட்கிழமை தொடங்கிவிடுவோம், இந்த மூன்று மாதத்தை விட்டுவிட்டால் பிறகு கஷ்டம்" என்று பிசியோதெரபி டாக்டர் மாலதி போன வாரம் சொன்னதைக் கேட்டு, தம்பியின் தலையைக் கட்டிக்கொண்டு அழுதவள் கோகிலாதான்.

தண்ணீருக்காக வெளியே எங்கும் போகவேண்டியதில்லை. சாரச் சாமான்களை வாடகைக்கு விட்டு முன்னுக்கு வந்த சுரேந்திரன், இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய பழைய பங்களா இது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது பின்கட்டு நீச்சல் குளம். இருபதடி நீளம், பத்தடி அகலம், நாலடி ஆழம். மதினி விஜயலட்சுமிக்கு அது 'பூல்'. மற்ற எல்லாருக்கும் தொட்டிதான்.

கோகிலா டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக அடுக்களைக்குப் போனாள். ரிப்பேருக்கு வரும்போது பின்வாசல் என்பது யாரும் சொல்லாமலே அந்த வீட்டில் ஏற்பட்டுவிட்ட பழக்கம்.

"வா கோகிலா. பாரேன், ராத்திரி பூரா தண்ணி சொட்டி அடுக்களையே கொளமாக் கெடக்கு" என்றாள் விஜயலட்சுமி.

"ஃப்ரிட்ஜ் கெடக்கட்டும் மதினி. ஹீட்டர் என்னா விஷயம்?"

விஜயலட்சுமி சட்டென்று கொத்தமல்லியை ஆயத் தொடங்கினாள். "அது உங்க அண்ணன் பாத்த ஏற்பாடு. பெரிய கம்பெனி. வாஷியில ஷோரூமே வச்சிருக்காங்க."

"ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா?"

"நீ ஃப்ரிட்ஜ், ஏ.சி. பாக்கவ. இது பூல் ஹீட்டர்லா?" மதினி இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் குத்திவிட்டுப் போயிருக்கலாம்.

கோகிலா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஃப்ரீஸருக்குப் பின்னால் தண்ணீர் இறங்குகிற ஓட்டை ஐஸ் அடைத்துக் கிடந்தது. பத்து நிமிஷ வேலை.

"மதினி, ஒரு டம்ளர் வெந்நி குடுங்க."

விஜயலட்சுமி அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்கவிட்டு, துணியால் பிடித்துக் கொண்டுவந்தாள். டம்ளரிலிருந்து ஆவி பறந்தது.

"ஐயோ மதினி! இத ஊத்துனா பிளாஸ்டிக் வெடிச்சிரும். கை பொறுக்குற சூட்டுல கேட்டேன்."

"வெந்நின்னுதானே கேட்ட? இதான் வெந்நி" என்றாள் மதினி, தப்பே செய்யாதவள் குரலில்.

கோகிலா குழாய்த் தண்ணீரைக் கலந்து ஊற்றினாள். ஓட்டை திறந்து தண்ணீர் வடிந்தது. அவள் மனசுக்குள் மட்டும் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டே இருந்தது.

பதினொரு மணிக்கு முன்வாசலில் கார் சத்தம் கேட்டது. சுரேந்திரன் இறங்கினார். கூடவே கையில் ஃபைலோடு கம்பெனி ஆள் ஒருவர். அவருக்கு ஹாலில் உட்கார நாற்காலி வந்தது, ஏலக்காய் டீ வந்தது, தட்டில் பிஸ்கட்டும் வந்தது. கோகிலா அடுக்களை வாசலில் ஈரக் கையோடு நின்றாள்.

"அடடே, வந்துட்டியா? ஃப்ரிட்ஜப் பாத்துட்டு இருந்து சாப்ட்டுட்டுப் போ" என்றார் சுரேந்திரன்.

"ஃப்ரிட்ஜ் பாத்தாச்சிண்ணே. ஹீட்டரையும் பாத்துட்டுப் போறேன்."

"அதெல்லாம் பெரிய வேல. கம்பெனிக்காரங்க பாத்துக்கிடுவாங்க. உனக்கு எதுக்கு அந்தக் கிட்கிட் தொந்தரவெல்லாம்?"

"பெரிய வேலையா?" கோகிலா ஹாலுக்குள் வந்தாள். முன்ஹாலில் டூல்ஸ் பையோடு அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. "அண்ணே, இந்த வீட்டுல பால் காய்ப்பு அன்னைக்கி காலையில நாலு மணிக்கு எனக்கு ஆளு அனுப்பினிய. எதுக்கு? கூடப்பொறந்தவ கையாலதான் அடுப்புப் பத்தவைக்கணும், அதுதான் ராசின்னு. நான் பத்தவச்ச அடுப்புலதான் இந்த வீட்டுல இன்னைக்கி வரைக்கும் ஒலை கொதிக்கி. ஒரு சொம்புப் பால் காய்ச்ச நான் வேணும், ஒரு தொட்டித் தண்ணி காய்ச்ச நான் வேண்டாமா?"

"ஏ, சத்தம் போடாத. வெளியாளு இருக்காங்க."

"வெளியாளுக்கு நாற்காலி, வீட்டாளுக்குப் பின்வாசல். உள்ளூர் மாடு வெல போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

கம்பெனி ஆள் டீயை வைத்துவிட்டு எழுந்தார். "தீதி, நீங்க தொண்ணூறடி ரோடு கோகிலா கூலிங்தானே? நானும் தாராவிதான். கும்பார்வாடா பக்கம். பேரு வாசிம். எங்க அம்மா ஃப்ரிட்ஜுக்கு நீங்கதான் ரெண்டு தடவ கேஸ் போட்டிருக்கீங்க."

'தீதி' என்ற இந்தி அக்காவைத் தவிர மற்றதெல்லாம் பச்சைத் தமிழ்! சுரேந்திரன் வாசிமை விழித்துப் பார்த்தார். வாசிம் சுரேந்திரனை விழித்துப் பார்த்தார். இருவரும் ஐந்தாறு நாளாக ஒருவரோடு ஒருவர் இந்தியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள்.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"நீங்க இந்தியில ஆரம்பிச்சீங்க சார். செம்பூர் பங்களா, பெரிய பார்ட்டி. நானும் இந்தியிலயே போயிட்டேன்."

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு கையை நீட்டினாள். "பேப்பரக் குடுங்க. என்ன மெஷினு?"

வாசிம் ஃபைலிலிருந்து மேல்தாளை மட்டும் உருவிக் கொடுத்தார். கேஸ் ஹீட்டர். இருப்பதிலேயே பெரிய சைஸ். வைக்கிற இடம், மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை. தண்ணீரின் சூடு என்ற இடத்தில் நாற்பது டிகிரி என்று எழுதியிருந்தது.

"நாப்பதா?" கோகிலாவின் குரல் தானாகவே உயர்ந்தது. "யாரு சொன்னா நாப்பது?"

"சார்தான் தீதி. 'கரம் பானி சாஹியே, ஏக்தம் கரம்'னாரு. கரம்னா நல்ல சூடு, நாங்க நாப்பதுன்னு போடுவோம். தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எந்திரிக்கற மாதிரி இடத்துக்கு அதுதான் கணக்கு. இருக்கறதுலயே பெருசு போடுன்னும் சொன்னாரு."

"உங்களுக்கு யாருண்ணே கரம்னு சொன்னது?"

"விஜயாதான் வெந்நின்னா. வெந்நின்னா கரம்தானே?"

எல்லாரும் விஜயலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் கொத்தமல்லிக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் போன்ல என்னமோ 'குன்குனா பானி'ன்னாங்க. சூடான தண்ணின்னு புரிஞ்சிது. வெந்நின்னு சொன்னேன். வேற எப்படிச் சொல்லுவாங்க?"

குன்குனா! இதற்கு எத்தனை பெயர் இந்த வீட்டில்! இந்தியில் குன்குனா என்றால் தொட்டும் தொடாத இளஞ்சூடு. அது அடுக்களையில் வெந்நியாகி, ஹாலில் கரமாகி, கம்பெனிப் பேப்பரில் நாற்பதாகி, இப்போது லாரியில் ஏறி வந்துகொண்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. பிடித்த மூன்று பேருக்கும் எல்லாம் தெரிந்ததாக நினைப்பு. தெரிந்த ஒருத்தியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"எனக்கென்னமோ நாப்பது ஒண்ணும் பெரிய சூடாத் தெரியல" என்றார் சுரேந்திரன். விட்டுக்கொடுப்பது அவர் ஜாதகத்திலேயே இல்லை. "ஊர்ல எண்ண தேச்சிக் குளிக்கும்போது இதவிடச் சூடாத்தான் ஊத்துவாங்க. செத்தா போனோம்?"

"சரி. மூணு பக்கெட்டு எடுங்க மதினி."

குளத்தங்கரையில் மூன்று பக்கெட்டுகளை வரிசையாக வைத்தாள் கோகிலா. கெய்ஸர் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் மாற்றி மாற்றி ஊற்றி, பையிலிருந்த தெர்மாமீட்டரின் கம்பியை விட்டுப் பார்த்துப் பார்த்துக் கலந்தாள். எது எத்தனை டிகிரி என்று யாருக்கும் காட்டவில்லை.

"கைய விட்டுப் பாருங்க. எது வெந்நி?"

சுரேந்திரன் மூன்றாவது பக்கெட்டைக் காட்டினார். "இதான் வெந்நி. மத்தது ரெண்டும் பச்சத்தண்ணி." விஜயலட்சுமி மூன்றாவதில் கைவிட்டு, "இதுவும் ஆறிப்போச்சி. வெந்நின்னா ஆவி வரணும்" என்றாள். வாசிம் தயங்கித் தயங்கி இரண்டாவதைக் காட்டினார். ஒரே வார்த்தைக்கு மூன்று பேரிடம் மூன்று பதில்.

அப்போதுதான் சக்கர நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. செல்வம் அவனாகவே தள்ளிக்கொண்டு வந்து நின்றான். முப்பத்தைந்து வயசுக்காரன், எட்டு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தான்.

"தண்ணிக்குள்ள எறங்கப் போறவன் நான். என்னைய ஒருத்தராச்சும் கேட்டியளா?" என்றான்.

கோகிலாவுக்கே நெஞ்சில் சுருக்கென்றது. அவளும்தான் கேட்கவில்லை.

"கால விடுதேன். வையிக்கா" என்றான் செல்வம்.

முதல் பக்கெட்டில் இடது காலை விட்டான். "இது நல்லாருக்கு. ரொம்ப நேரம் நிக்கலாம்." மூன்றாவதில் அதே காலை விட்டான். அரை நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தான். "சுடுது. சும்மா உக்காரலாம், இதுக்குள்ள நின்னு நடக்க முடியாது."

பிறகு வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கி அதே மூன்றாவது பக்கெட்டில் வைத்தான்.

அரை நிமிஷம் போனது. ஒரு நிமிஷம் போனது. செல்வம் தோட்டத்துச் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். மூன்று நிமிஷத்துக்கு மேல் கோகிலாவால் தாங்க முடியவில்லை. அவளே குனிந்து அந்தக் காலைத் தூக்கினாள். கணுக்கால்வரை சிவந்திருந்தது.

"எப்படிடா இருந்துது?"

"ஒண்ணும் தெரியலக்கா."

விஜயலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோகிலா தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டு அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள். நாற்பது.

"பக்கெட்டுல மூணு நிமிசம். தொட்டிக்குள்ள தெனம் முக்கா மணி நேரம். சுடுதுன்னு சொல்லத் தெரியாத கால். மயங்கி விழுந்தா திரும்பயும் எதப் பிடிப்பான்?" அவள் தெர்மாமீட்டரைத் தாழ்த்தவே இல்லை. "இத்தன நாளு வந்தியள, போனியள. சைஸ் பாத்தியள, விலை பாத்தியள. ஒரே ஒரு தடவ டாக்டர்ட்ட எத்தன டிகிரின்னு கேக்கத் தோணலயா ஒனக்கு?"

பிறந்ததிலிருந்து அண்ணனை 'நீங்க' என்றே கூப்பிட்டவள், 'ஒனக்கு' என்று சொல்லிவிட்டாள். சொன்னது தெரிந்தும் அவள் திருத்திக்கொள்ளவில்லை.

சுரேந்திரன் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை பேன்ட் நனைவதைக்கூடக் கவனிக்கவில்லை.

"எஞ் சாரத்துலருந்துதானே விழுந்தான்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. "என் தம்பிக்கி இருக்கறதுலயே பெருசா, நல்லதா செய்யணும்னு நெனச்சேன். ஒங்கிட்டக் கேட்டா நீ சின்னதாச் சொல்லுவன்னு பயம்."

"ஆமா, சின்னதாத்தான் சொல்லுவேன். அவனுக்கு எது பொருந்துமோ அதச் சொல்லுவேன். பெருசா வாங்கிப் போட்டா, நீங்க அன்னைக்கி சைட்டுல இல்லாமப் போனது மாறிருமா?"

சொன்னபிறகு அவளுக்கே அது அதிகமாகப்பட்டது. செல்வம்தான், "விடுக்கா" என்றான்.

டாக்டர் மாலதிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். "முப்பத்து மூணு. ரொம்பப் போனா முப்பத்து நாலு. அதுக்கு மேல இவருக்கு வேண்டவே வேண்டாம். நான்தான் தெளிவா குன்குனான்னு சொன்னேனே!" என்று டாக்டர் இந்தியில் சத்தம் போட்டார். கோகிலா முதல் பக்கெட்டில் தெர்மாமீட்டரை விட்டுக் காட்டினாள். முப்பத்து மூன்று. செல்வத்தின் இடது கால் டாக்டருக்கு முன்பே சரியாகச் சொல்லியிருந்தது.

அதன்பிறகு வாசிமும் கோகிலாவும்தான் பேசினார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அப்படி நடப்பது அதுவே முதல் முறை.

"கேஸ் ஹீட்டர் படிக்குக் கீழ கூடாது. அந்த ரூமுக்கு ஒரு ஜன்னல்கூடக் கெடையாது. பொகை எங்க போவும்? அத ஒட்டித்தான் செல்வம் படுக்கான்" என்றாள் கோகிலா.

"பைப் வச்சி வெளிய விடலாம்னு சார்ட்ட சொன்னேன். செவுத்த ஒடைக்க வேண்டாம்னுட்டாரு."

"கரன்ட்டுல நேராக் காய்ச்சுற ஹீட்டர் போட்டா வீட்டு மீட்டரு தாங்காது."

"சோலார்?"

"மாடியப் போயிப் பாத்தியளா? பக்கத்துல புதுசா டவர் எழும்பிட்டு. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வெயிலே கெடையாது. மழைக்காலம் நாலு மாசம் கேக்கவே வேண்டாம்."

வாசிம் சிரித்தார். "அப்போ நீங்க சொல்லப்போறது எனக்குத் தெரியும் தீதி. ஹீட் பம்ப்."

"ஹீட் பம்ப்தான். அண்ணே, கேட்டுக்கிடுங்க. ஏ.சி. என்ன செய்யும்? ரூம்ல இருக்க சூட்ட எடுத்து வெளிய தள்ளும். இது வெளிய இருக்க சூட்ட எடுத்துத் தண்ணிக்குள்ள தள்ளும். திருப்பிப் போட்ட ஏ.சி., அவ்வளவுதான். மும்பைக் காத்துல சூட்டுக்கு என்ன பஞ்சம்? கரன்ட்டும் நேராக் காய்ச்சுறதுல கால்வாசிதான் இழுக்கும். ஆனா அடைச்ச ரூம்ல வைக்கக் கூடாது. அந்தச் செம்பருத்திப் பக்கம், காத்தோட்டமா, வெட்டவெளியில வைக்கணும். நாப்பது வரைக்கும் இது லேசுல ஏறாது, முப்பத்து மூணுக்குக் கச்சிதம்."

"சீக்கிரம் காயுமா?" என்று முதல் தடவையாகச் சந்தேகம் கேட்டார் சுரேந்திரன்.

"கேஸ் மாதிரி மூணு நாலு மணி நேரத்துல காயாது. மொத தடவ ஒரு பகல் ஒரு ராத்திரி ஆவும். அதுக்குப் பெறவு சூடு எறங்காமப் பாத்துக்கிட்டாப் போதும். அதுக்கு ஒரு மூடி வேணும். தொட்டி பூரா மூடுற ஷீட்டு."

"மூடியா? பூல் அழகே போயிடுமே" என்றாள் விஜயலட்சுமி.

"மூடி போடாம சோறு பொங்குவியளா மதினி? சூடு பூராவும் மேல வழியாத்தான் போவும்."

அடுக்களைக் கணக்கு விஜயலட்சுமிக்கு உடனே பிடிபட்டது. அவள் தலையாட்டினாள். "அப்போ மூடி போட்டே ஆகணும்" என்று கணவரிடம் சொல்லவும் செய்தாள்.

வாசிம் தள்ளிப்போய் கோடவுனுக்குப் பேசினார். லாரியைப் பாதிவழியில் திருப்பியாயிற்று. சரியான சைஸில் ஒரு ஹீட் பம்ப் கையிருப்பில் இருந்தது. நாளை காலை வந்தால் மத்தியானத்துக்குள் மாட்டிவிடலாம், திங்கட்கிழமை சாயங்காலம் செல்வம் தண்ணீரில் இறங்கிவிடலாம் என்றார்.

"நீதான் பக்கத்துல நிக்கணும்" என்றார் சுரேந்திரன் தங்கையிடம். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. இதுதான் அவருக்கு வந்த வார்த்தை. "நீதான் மொத சுவிட்சப் போடணும். பால் காய்ப்பு மாதிரியே."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவருக்கு இப்போதாவது கையிலிருப்பது தெரிந்ததே என்று கோகிலாவின் கோபம் மெல்ல இறங்கத் தொடங்கியது. செல்வம் முதல் பக்கெட்டில் இடது காலை மறுபடி விட்டுக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். எட்டு மாதத்தில் அவள் பார்த்திராத சிரிப்பு.

"தீதி, பழைய பேப்பரைக் கேன்சல் பண்ணிட்டுப் புதுசு போட்டுடலாம்" என்று வாசிம் ஃபைலைத் திறந்தார். "இதுலயும் உங்க ஸ்டாம்ப் வேணும். கையோட இருக்கா?"

"எந்த ஸ்டாம்ப்?"

"சர்வீஸ் ஸ்டாம்ப் தீதி. பழசுல அடிச்சிருக்கீங்களே, அதே மாதிரி."

அவர் பழைய பேப்பரின் கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினார். காலையில் அவள் கைக்கு வராத தாள். 'மெஷினும் இடமும் நேரில் பார்த்து ஒப்புக்கொள்ளப்பட்டது. இனிமேல் சர்வீஸ் பொறுப்பு' என்ற வரிக்குக் கீழே, ஊதா மையில் வட்டமாக, கொஞ்சம் சாய்ந்து, கோகிலா கூலிங் ஒர்க்ஸ், தொண்ணூறடி ரோடு, தாராவி. பக்கத்தில் ஒரு கையெழுத்து. அவளுடையதல்ல.

"நீங்க பாத்து ஓகே பண்ணியாச்சுன்னுதான் நானும் நாப்பதப் பத்தி மறுபேச்சு கேக்கல. கோகிலா தீதியே சரின்னுட்டாங்க, நாம யாருன்னு விட்டுட்டேன். இன்னைக்கு நீங்க சத்தம் போட்டப்பகூட, அடிச்சத மறந்துட்டீங்கபோலன்னு இருந்துட்டேன்" என்றார் வாசிம்.

இறங்கின சூடு உச்சந்தலைக்கு ஏறியது. அந்த மெஷின் இன்று மாட்டப்பட்டிருந்தால், படிக்குக் கீழே புகை அடைத்திருந்தால், செல்வம் அந்தத் தண்ணீரில் மயங்கியிருந்தால், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டியவள் இவள். இவளுடைய வாய் வேண்டாம், கண் வேண்டாம், பதினெட்டு வருஷத்துக் கை வேண்டாம். பேர் மட்டும் வேண்டியிருந்தது.

"அண்ணே, இது உங்களுக்குத் தெரியுமா?"

சுரேந்திரன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "சர்வீஸுக்கு லோக்கல்ல ஒரு ஆளு காட்டணும்னாங்க. மாப்பிளட்ட சொன்னேன். மறுநாளே ஸ்டாம்ப் அடிச்சிக் கொண்டாந்து குடுத்தாரு. உங்கிட்டச் சொல்லியிருப்பாருன்னுதான் நெனச்சேன் தாயி."

மாப்பிளை. ரமேஷ்குமார். அந்த ஸ்டாம்ப் இருக்கிற டிராயருக்கு இரண்டு சாவி. ஒன்று ரமேஷ்குமாரிடம், ஒன்று அவள் சாவிக்கொத்தில். அவள் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், இருந்தது.

குளத்தின் அந்தக் கரைக்குப் போய் நின்றுகொண்டு கணவருக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னா, ஃப்ரிட்ஜ் சரியாயிட்டா?" என்றார் சாதாரணமாக.

"எனக்குத் தெரியாம நம்ம கடை ஸ்டாம்ப ஒரு பேப்பர்ல அடிச்சிக் குடுத்திருக்கிய. என் கண்ணால பாத்துட்டேன். யாரக் கேட்டு அடிச்சிய?"

அந்தப் பக்கம் தொண்ணூறடி ரோட்டு ஹாரன் சத்தம் கேட்டது. அவர் கடை ஷட்டரைப் பாதி இறக்குகிற சத்தமும் கேட்டது. பிறகு, அவள் இதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் ரமேஷ்குமார் கேட்டார்.

"அடிச்சதுல எந்தப் பேப்பரப் பாத்த, கோகிலா?"